என் டேட்டா எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை முழுப் பகுதியையும், தகவல்களை டேபிள்களாக (அட்டவணைகளாக) சேமித்து வைக்கும் டேட்டாபேஸுக்கே ஒதுக்கிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி ‘எல்லாம் அழிஞ்சு போச்சு’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. பெரும்பாலும் ஒன்றும் அழியவில்லை. பதற்றத்தில் கை வைத்து அழிப்பதுதான் அதிகம், அது நடக்கக் கூடாது என்பதற்காகவே சில பதில்களைக் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், நாளை மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ. ஸாம்ப் (மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர் உட்படச் சேர்ந்து வரும் மென்பொருள் தொகுப்பு) போட்டு பிஎச்பி நிரல் மொழியில் செய்திருக்கிறேன். நேற்று கரண்ட் போனபோது லேப்டாப் சட்டென்று அணைந்துவிட்டது. அதிலிருந்து மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் கொடுத்தால் பச்சை வந்து உடனே நின்றுவிடுகிறது. ‘ஐபிடேட்டா1’ என்ற ஃபைலை அழித்தால் சரியாகும் என்று நண்பன் சொல்கிறான். அழிக்கலாமா?
– பி.சி.ஏ. மாணவர், விருதுநகர்

அழிக்காதீர்கள் தம்பி. நண்பர் சொன்னது முழுப் பொய்யில்லை, அழித்தால் சில சமயம் சர்வர் ஓடவும் செய்யும். ஆனால் உங்கள் டேபிள்களின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் ‘இந்த டேபிள் எஞ்சினில் இல்லை’ என்று வரும். வீட்டுப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவேட்டை மட்டும் யாரோ கிழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நிலைமைதான். டேபிள்களைச் சேமித்துக் கையாளும் உட்பகுதியான இன்னோடிபி எஞ்சின் தன்னுடைய பதிவேட்டை அந்த ஃபைலில்தான் வைத்திருக்கிறது.

முதல் வேலை: சர்வர் நின்றிருக்கும்போதே, ஸாம்ப் ஃபோல்டருக்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து பென்டிரைவில் போடுங்கள். இதைச் செய்துவிட்டால் அப்புறம் எதைச் சொதப்பினாலும் இன்றைய நிலைக்காவது திரும்பிவிடலாம்.

அடுத்து, அதே டேட்டா ஃபோல்டரில் ‘மைஎஸ்கியூஎல் எரர் லாக்’ ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். கண்ட்ரோல் பேனலில் வரும் சிவப்பு எழுத்து பொதுவானது, காரணம் இங்கேதான் இருக்கும். 3306 போர்ட் (மைஎஸ்கியூஎல் இணைப்புகளை வாங்கும் வாசல் எண்) வேறு யாரிடமோ இருக்கிறது என்ற பொருளில் ஏதாவது இருந்தால், முன்பு எப்போதோ தனியாக நிறுவிய மைஎஸ்கியூஎல் விண்டோஸ் சர்வீஸாக ஓடிக்கொண்டிருக்கும், அதை நிறுத்தினால் போதும். ‘ஆரியா’ என்ற பெயர் வந்தால் (ஸாம்ப்பில் இப்போது வருவது உண்மையில் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி, ஆரியா அதனுடைய இன்னொரு எஞ்சின்), ஆரியா லாக் ஃபைல்களை நீக்கச் சொல்லி அந்தச் செய்தியிலேயே இருக்கும். நீக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். கரண்ட் போன கேஸ்களில் இது அடிக்கடி வருவது.

இரண்டும் இல்லையென்றால், டேட்டா ஃபோல்டருக்கு ‘பழைய டேட்டா’ என்று பெயர் மாற்றுங்கள். பக்கத்திலேயே ஸாம்ப் தரும் ‘பேக்கப்’ ஃபோல்டர் இருக்கும், அதைக் காப்பி எடுத்து ‘டேட்டா’ என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டரையும் ஐபிடேட்டா1 ஃபைலையும் மட்டும் புதியதற்குள் போடுங்கள். அழிக்கச் சொன்ன அதே ஃபைல்தான் இங்கே உங்களைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும் வேறு எதையும் செய்யாமல் பிஎச்பிமைஅட்மின் என்ற நிர்வாகப் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை மொழி) ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பாஸ்வேர்டு, யூசர் எல்லாம் வைத்திருந்தால் அவற்றைத் திரும்ப உருவாக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகப் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறோம். சில புத்தகங்களின் பெயர் வெறும் கேள்விக்குறியாக வருகிறது. சிலவற்றில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வருகிறது. ஏறத்தாழ நாலாயிரம் புத்தகங்கள், ஆறு மாத உழைப்பு. மீட்க முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை

ஐயா, இரண்டும் ஒரே நோய் இல்லை. ஏ-யும் ஆர்-உம் வருகிற வரிகளை மீட்டுவிடலாம். கேள்விக்குறி வருகிறவற்றைப் பற்றி உறுதி சொல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எழுத்துகளை பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் இ0, இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப் (இவை ‘ஹெக்ஸ்’ எண்கள், இதில் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்கள்தான்). இந்த பைட்டுகளை லத்தீன்-1 என்ற பழைய மேற்கத்திய முறையில் படித்தால் இ0 என்பது தலையில் கோடு போட்ட ஏ, ஏஇ என்பது வட்டத்துக்குள் ஆர். அதாவது உங்கள் தமிழ் அங்கேயேதான் இருக்கிறது, படிப்பவர் தப்பான கண்ணாடி போட்டுப் படிக்கிறார். கேள்விக்குறி அப்படியில்லை. லத்தீன்-1 டேபிளில் ‘த’ என்ற எழுத்துக்கு இடமே கிடையாது, அதனால் சர்வர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு கேள்விக்குறியை வைத்துவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் புலத்தை (டேபிளின் நெடுவரிசையை) ஹெக்ஸ் ஃபங்ஷனில் போட்டு, தகவலை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையில் பாருங்கள். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் அது நிஜமான கேள்விக்குறி, மூலத்திலிருந்துதான் திரும்ப ஏற்ற வேண்டும். இ0 ஏஇ என்று வந்தால் தமிழ் உள்ளே இருக்கிறது. சி3 ஏ0 சி2 ஏஇ என்று வந்தால் இரண்டு முறை மாற்றப்பட்ட தமிழ், அதுவும் மீளும். மீட்கும் வழி: புலத்தை முதலில் லத்தீன்-1க்கு கன்வெர்ட் செய்து, அதை பைனரியாக காஸ்ட் செய்து, அதை யூடிஎஃப்8எம்பி4க்கு கன்வெர்ட் செய்ய வேண்டும். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து முதலில் செலக்ட்டில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிந்த வரிகளை மட்டும், வேறொரு புதிய டேபிளில் எழுதுங்கள். பழைய டேபிளை ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள்.

இனிமேல் வராமல் இருக்க மூன்று இடம் பார்க்க வேண்டும்: டேபிள், நிரலுக்கும் சர்வருக்கும் நடுவிலுள்ள இணைப்பு, வலைப்பக்கம். மூன்றும் யூடிஎஃப்-8 பேச வேண்டும். நடுவிலிருக்கிற இணைப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டேபிளுக்கு யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள், வெறும் ‘யூடிஎஃப்8’ வேண்டாம். மைஎஸ்கியூஎல் அந்தப் பெயரில் வைத்திருப்பது மூன்று பைட் வரைக்கும்தான். தமிழுக்கு அது போதும், ஆனால் யாராவது ஒரு ஸ்மைலி போட்டால் நாலு பைட், பிழை வரும். முழு வடிவம் 2010-ல் 5.5.3 பதிப்பில் வந்தது, 2018-ல் வந்த 8.0-லிருந்து அதுவே இயல்பானது.

இன்னொரு சந்தேகம் எனக்கு. பட்டியலை எக்செல்லில் அடித்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைலாக) ஏற்றினீர்களா? சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் எக்செல்லே தமிழைக் கேள்விக்குறி ஆக்கிவிடும், டேட்டாபேஸ் மீது பழியே கிடையாது. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்செல் மூலம் இன்னும் உங்களிடம் இருந்தால் ஆறு மாத உழைப்பும் பத்திரம்.

தமிழுக்குப் பதிலாக ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’. அதற்கு எழுத்துரு மாற்றிதான் தேவை, டேட்டாபேஸில் தேடிப் பயனில்லை.

புத்தகப் பெயருக்கு எத்தனை எழுத்து ஒதுக்குவது என்பதும் நம் மொழியில் தனிக் கணக்கு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, பதினைந்து பைட். ஐம்பது எழுத்து போதும் என்று தோன்றினால் நூற்றைம்பது வையுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். எல்லா மாணவர்களின் மொபைல் எண்ணும் 2147483647 என்றே பதிவாகிறது. வைரஸா?
– ஈரோடு

வைரஸ் இல்லை. புலத்தை ‘இன்ட்’ (முழு எண்) என்று வைத்திருக்கிறீர்கள், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான். நம் மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6-லிருந்து 9-க்குள் ஆரம்பிக்கும், அதனால் ஒன்றுகூட அதில் அடங்காது. பொருந்தாத மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறை (ஸ்டிரிக்ட் மோட்) அணைந்திருக்கும் மைஎஸ்கியூஎல், பிழை சொல்லாமல் உச்ச எண்ணை எழுதிவிடுகிறது. போன எண்கள் போனதுதான், மாணவர்களிடம் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்கும், யாராவது ‘தொந்தரவு’ என்று அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். புலத்தை எழுத்துகளுக்கான ‘வார்சார்’ வகையாக மாற்றுங்கள். மொபைல் எண், பின்கோடு, ஆதார் இவற்றையெல்லாம் யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, எழுத்தாகவே இருக்கட்டும். கட்டணத் தொகைக்கு மட்டும் ‘டெசிமல்’. ‘ஃப்ளோட்’ போட்டால் பைசா கணக்கு உதைக்கும்.

கேள்வி: பாத்திரக் கடைக்கு பில்லிங் செய்திருக்கிறேன். பில், பொருட்கள், தவணையாக வந்த பணம் என மூன்று டேபிள். மூன்றையும் ஜாயின் செய்து (இணைத்து) மொத்தம் பார்த்தால் விற்பனை இரண்டு மடங்கு, வசூல் மூன்று மடங்காக வருகிறது. முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.
– கும்பகோணம்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்தத் தப்பு பிழைச் செய்தியே காட்டாது, அழகாக ஒரு எண்ணைக் கொடுக்கும், பல கடைகளில் அந்த எண்ணை நம்பியே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். குடம் 500, அண்டா 300, கரண்டி செட் 200, ஆக 1000 ரூபாய். வாடிக்கையாளர் 400, 600 என்று இரண்டு தவணையில் கட்டிவிட்டார். பில்லோடு பொருட்களை ஜாயின் செய்தால் மூன்று வரி. அதோடு தவணையையும் சேர்த்தால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தவணையோடும் ஜோடி சேரும், மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு வரி. குடம் இரண்டு முறை வருகிறது, அதனால் விற்பனை 2000. ஒவ்வொரு தவணையும் மூன்று முறை வருகிறது, அதனால் வசூல் 3000. டேட்டாபேஸ் நீங்கள் கேட்டதைத்தான் செய்தது. வகை பிரிக்கும் ‘குரூப் பை’யையும் கூட்டும் ‘சம்’மையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு பில்லின் வரிகளை அப்படியே செலக்ட் செய்து பாருங்கள், ஆறு வரியும் கண்முன் நிற்கும்.

ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒரே பில்லில் 300 ரூபாய்க்கு இரண்டு பொருள் இருந்தால் ஒன்றைத்தான் கூட்டும், நேற்று கூடுதலாக வந்த கணக்கு இன்று குறைவாக வரும்.

சரியான வழி, கூட்டிவிட்டுச் சேர்ப்பது. பொருட்களை பில் எண் வாரியாகக் கூட்டி ஒரு துணைக் குவெரி (குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), தவணைகளை பில் எண் வாரியாகக் கூட்டி இன்னொன்று. இரண்டிலும் பில்லுக்கு ஒரே வரிதான் இருக்கும், அப்புறம் பில் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். லெஃப்ட் என்பது முக்கியம், இன்னும் ஒரு பைசா கட்டாதவர்களின் பில்லும் வரவேண்டுமே. ‘இந்த மாதத் தவணை மட்டும்’ என்ற நிபந்தனையை வெளியே ‘வேர்’ என்ற நிபந்தனைப் பகுதியில் போட்டீர்களானால் கட்டாதவர்கள் மறைந்துவிடுவார்கள், அது துணைக் குவெரிக்குள்ளேயே இருக்கட்டும். அந்த ஆறு வரியை முதலாளிக்கும் காட்டுங்கள், ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

கேள்வி: ஃபீஸ் கட்டாத மாணவர்களை ‘நாட் இன்’ (பட்டியலில் இல்லாதவர்கள்) போட்டுத் தேடினால் ஒருவர்கூட வருவதில்லை. போன வாரம் வரை வந்தது. நிச்சயம் எண்பது பேராவது கட்டவில்லை.
– பள்ளி அலுவலக உதவியாளர், திருநெல்வேலி

ஃபீஸ் டேபிளில் யாரோ ஒரு ரசீதை மாணவர் எண் இல்லாமல் காலியாகப் பதிந்திருக்கிறார்கள். அந்த ஒரே ஒரு ‘நல்’ போதும். நல் என்றால் பூஜ்யமோ வெற்றிடமோ இல்லை, ‘தெரியாது’ என்று பொருள். ‘இந்த மாணவர் எண் பட்டியலில் இல்லையா?’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். பட்டியலில் யாரென்றே தெரியாத ஒருவர் இருப்பதால், அவர் இந்த மாணவராகவே இருக்கலாமே என்று டேட்டாபேஸ் தயங்குகிறது. உறுதியாக ‘இல்லை’ என்று சொல்ல முடியாத வரியை அது வெளியே விடாது. எல்லா மாணவருக்கும் இதே கதை, அதனால் பட்டியல் காலி. நாட் இன்னுக்குப் பதிலாக ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதுங்கள், இந்தச் சிக்கல் வராது. அந்த ரசீது யாருடையது என்றும் தேடிப் பாருங்கள், பணம் கட்டிய பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடக் கூடாது. நல்லைத் தேடும்போது சமக்குறி வேலை செய்யாது, ‘ஈஸ் நல்’ என்றே எழுத வேண்டும்.

கேள்வி: இரவு ஓட்டலுக்கான பில்லிங். நள்ளிரவு ஒரு மணிக்குப் போட்ட பில் அறிக்கையில் முதல் நாள் தேதியில் வருகிறது. பில்லில் அச்சாகும் தேதி சரியாக இருக்கிறது, ஆடிட்டர் திட்டுகிறார்.
– மதுரை

சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு விடிகாலை 5:30 ஆகும்போதுதான் அதற்கு நள்ளிரவு. அறிக்கையில் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டித்தான் தேதி பிரிக்க வேண்டும். கன்வெர்ட் டைம்ஸோன் ஃபங்ஷனில் ‘ஆசியா கொல்கத்தா’ என்று ஊர்ப்பெயர் போட்டு நல் வந்தால் சர்வரில் நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம், +05:30 என்று எண்ணாகவே கொடுங்கள். ஆனால் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: கல்லாவை எண்ணுவது எப்போது? மூன்று மணிக்குக் கடை சாத்தி எண்ணுகிறவர் என்றால், ஒரு மணி பரோட்டா அவருக்கு முதல் நாள் வியாபாரம்தான். ஆடிட்டருக்கு பில் தேதிப்படி ஒன்று, கல்லாவுக்கு இன்னொன்று என இரண்டு அறிக்கை தேவைப்படும்.

கேள்வி: பன்னிரண்டு லட்சம் வரி உள்ள டேபிள். தேதிக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) போட்டும் குவெரி ஒரு நிமிஷம் எடுக்கிறது. எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடவா?
– சேலம்

வேண்டாம். ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒவ்வொரு புது வரியின்போதும் புதுப்பிக்கப்பட வேண்டும், பதிவது மெதுவாகிவிடும். உங்கள் குவெரியில் இயர் ஃபங்ஷனுக்குள் தேதியைப் போட்டு 2024-க்குச் சமமா என்று கேட்டிருக்கிறீர்கள். இண்டெக்ஸ் தேதிகளை வரிசையாக வைத்திருக்கிறது, நீங்கள் கேட்பது அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்ட வேறொன்று, அதனால் பன்னிரண்டு லட்சத்தையும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு, 2025 ஜனவரி 1-க்கு முன் என்று வரம்பாக எழுதுங்கள். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் என்று சேர்த்து ஓட்டினால், ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ வந்தால் முழு டேபிளையும் மேய்கிறது, ‘ரேஞ்ச்’ வந்தால் இண்டெக்ஸில் போகிறது. எழுத்தின் ஒரு பகுதியைத் தேடும் ‘லைக்’கில் முன்னால் சதவீதக்குறி போட்டாலும் இதே கதிதான். ஈரோட்டு வாசகருக்கும் இது பொருந்தும்: எண்ணை வார்சாராக மாற்றிய பிறகு, தேடும்போது மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தால் மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இண்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

கேள்வி: சர்வரில் உட்கார்ந்து லாகின் செய்தால் போகிறது, என் கணினியிலிருந்து போகவில்லை. பாஸ்வேர்டு ஒன்றுதான்.
– சிங்கப்பூர்

மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது பெயரும் இடமும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து (அதே சர்வர் கணினியிலிருந்து) வரும் நீங்கள் வேறு ஆள், வெளியிலிருந்து வரும் நீங்கள் வேறு ஆள். ‘அனுமதி மறுக்கப்பட்டது’, எண் 1045 என்றால் உங்கள் கணினியின் முகவரிக்கு யூசர் உருவாக்குங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 (அதே கணினிக்கு மட்டும் அனுமதி) என்று இருக்கும், அல்லது ஃபயர்வால். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் லிசன் அட்ரஸையும் பிஜி-எச்பிஏ ஃபைலையும் பாருங்கள், முன்னதை மாற்றினால் ரீஸ்டார்ட், பின்னதற்கு ரீலோட் போதும். போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைக்காமல் எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போங்கள்.

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றப் போய், வேர் போட மறந்து எல்லோருடைய முகவரியையும் மாற்றிவிட்டேன். ராத்திரி பேக்கப் இருக்கிறது, ஆனால் இன்று காலையிலிருந்து பதிந்த புது முகவரிகள் அதில் இல்லை. இன்னும் யாருக்கும் தெரியாது. தூக்கம் வரவில்லை.
– கோவை

இதழுக்குக் காத்திருக்க முடியாது என்பதால் உங்களுக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் பெயர், நிறுவனம் இல்லாமல் இங்கே தருகிறேன்.

நானும் இதைச் செய்திருக்கிறேன் அம்மா. ஒரு நிறுவனத்தில் விலைப் பட்டியல் முழுவதையும் ஒரே விலையாக்கிவிட்டு, நானே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் தப்பான விலையில் பில்கள் போய்க்கொண்டே இருந்தன. அதனால் முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள், இப்போதே, போனில். ‘முகவரி டேபிளில் எல்லா வரியும் மாறிவிட்டது, இத்தனை மணிக்கு, நான் ஓட்டிய குவெரி இது’ என்று மூன்று விஷயமும் சொன்னால் போதும்.

உங்கள் சர்வர் மைஎஸ்கியூஎல் 8 என்று எழுதியிருந்தீர்கள். அதில், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக் இயல்பாகவே ஓடும், யாரும் மாற்றியிருக்காவிட்டால் முப்பது நாள் வரை வைத்திருக்கும். இயல்பான அமைப்பில், மாறிய ஒவ்வொரு வரியின் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அதில் பதிவாகியிருக்கும். மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவியை வெர்போஸ் முறையில் ஓட்டி, நீங்கள் சொன்ன நேரத்துக்குப் போனால் பழைய முகவரிகள் அத்தனையும் வரிசையாகக் கிடைக்கும், காலையில் பதிந்தவையும் சேர்த்து. அந்த லாக் ஃபைல்களை யாரும் சுத்தம் செய்துவிடாமல் முதலில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

இனி அப்டேட்டோ டெலீட்டோ எழுதுவதற்கு முன் அதே வேர் நிபந்தனையோடு ஒரு செலக்ட் ஓட்டி எத்தனை வரி என்று பாருங்கள். ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் கொடுத்துவிட்டு அப்டேட் ஓட்டுங்கள், எத்தனை வரி மாறியது என்று சொல்லும், ஒன்று என்று எதிர்பார்த்த இடத்தில் நாற்பதாயிரம் வந்தால் ரோல்பேக் கொடுத்து மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். வேர் இல்லாத அப்டேட்டையே மறுக்கும் ‘சேஃப் அப்டேட்ஸ்’ அமைப்பை உங்கள் கருவியில் இயக்கி வையுங்கள்.

மறுநாள் மாலை அவரிடமிருந்து பதில் வந்தது. மேலாளர் திட்டவில்லை, லாக்கிலிருந்து எல்லா முகவரியையும் எடுத்துவிட்டார்கள், காலையில் பதிந்த பதினேழும் கிடைத்துவிட்டது.